மங்கிய ஹெட்லைட்: தேய்ப்பதா, மாற்றுவதா?

இருட்டிய பிறகு ஏற்காட்டிலிருந்து இறங்க வேண்டாம் என்று வீட்டில் சொன்னதை நான் கேட்டிருக்கலாம். டிசம்பர் மாதம், மேலேயே பனிமூட்டம் கட்டியிருந்தது. பாதி மலை இறங்கியதும், பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்த பேருந்துக்கு ஒதுங்கி வழி விட்டேன். அது முன்னால் போய் வளைவில் திரும்பியதும் என் எதிரே ரோடே இல்லை. ஓரக்கல் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. அதுவரை நான் ரோட்டைப் பார்த்தது என் விளக்கில் இல்லை, பின்னால் வந்த பேருந்தின் விளக்கில்.

மறுநாள் காலை வெயிலில் பார்த்தபோது என் 2009 மாடல் சின்னக் காரின் ஹெட்லைட் இரண்டும் பழைய எண்ணெய் பாட்டில் மாதிரி மஞ்சளாக இருந்தன. தினமும் பார்ப்பதால் கண்ணில் படவே இல்லை. அன்று தொடங்கி நான் செய்த தப்புகளையும், கடைசியில் சரியாக வந்ததையும் வைத்து, பழைய காரை முதல்முறையாகக் கையில் எடுத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஹெட்லைட் பளபளவென்று இருப்பது வேறு, வெளிச்சம் ரோட்டில் விழுவது வேறு. எனக்கு இது புரிய மூன்று முறை செலவானது.

ஏன் மஞ்சளாகிறது?

அம்பாசிடர், பழைய ஆம்னி போன்ற வண்டிகளில் இருந்தது நிஜக் கண்ணாடி. அது மஞ்சளாகாது. இன்று நாம் பேச்சுக்குக் கண்ணாடி என்று சொல்வது பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக். கல் பட்டால் எளிதில் உடையாது, எடை குறைவு, எந்த வடிவத்துக்கும் வளையும். ஆனால் வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் அதற்கு ஆகாது. அதனால் தொழிற்சாலையிலேயே அதன் மேல் ஒரு பாதுகாப்புப் பூச்சு அடித்து அனுப்புகிறார்கள். சேலம் வெயிலில் வருடக்கணக்கில் மரத்தடி கூட இல்லாமல் நின்றால் அந்தப் பூச்சு முதலில் மங்கும், பிறகு மஞ்சளாகும், கடைசியில் பாம்புச் சட்டை மாதிரி உரியும். கீழே உள்ள பிளாஸ்டிக்கும் அதன் பின் மஞ்சளாகத் தொடங்கும். போர் தண்ணீரில் கழுவி வெயிலில் அப்படியே காய விட்டால் உப்புக் கறை வேறு சேரும்.

சந்தையில் விற்கும் பாதி வைத்தியங்கள் இந்த ஒரு விஷயத்தைத்தான் மறைக்கின்றன. தேய்த்தால் மஞ்சள் போகும், ஆனால் பூச்சும் கூடவே போகும். புதுப் பூச்சு போடாமல் விட்டால் சில மாதங்களில் மறுபடி மஞ்சள், முன்னைவிட வேகமாக.

முதலில் எது கெட்டிருக்கிறது என்று பாருங்கள்

கடைக்குப் போகும் முன் பத்து நிமிடம் செலவிடுங்கள். நகத்தால் விளக்கைத் தட்டிப் பாருங்கள். கண்ணாடி என்றால் கணீரென்று கேட்கும், பிளாஸ்டிக் என்றால் டொக்கென்று கேட்கும். கண்ணாடியாக இருந்தால் இந்தத் தேய்க்கும் வேலையே உங்களுக்கு இல்லை. வாட்டர் பேப்பர் (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) போட்டால் நிரந்தரக் கோடுதான் விழும்.

பிளாஸ்டிக் என்றால் ஒரு கை தண்ணீர் எடுத்து மேலே ஊற்றுங்கள். நனைந்த நிமிடத்தில் விளக்கு தெளிவாகத் தெரிந்தால் நல்ல செய்தி. கோளாறு மேல்பரப்பில்தான் இருக்கிறது, தேய்த்து எடுத்துவிடலாம். நனைத்தும் மங்கலாகவே இருந்தால் அழுக்கு உள்பக்கம் இருக்கிறது, அல்லது பிளாஸ்டிக்குக்குள்ளேயே மயிரிழை விரிசல் ஓடியிருக்கிறது. வெயிலில் சாய்த்துப் பார்த்தால் அந்த விரிசல்கள் சிலந்தி வலை போல மின்னும். அதை எந்தப் பேப்பரும் எடுக்காது.

அடுத்து டார்ச் அடித்து உள்ளே இருக்கும் ரிஃப்ளெக்டரைப் பாருங்கள். இதை யாருமே பார்ப்பதில்லை. பல்புக்குப் பின்னால் முகம் பார்க்கும் கண்ணாடி போல மின்ன வேண்டிய கிண்ணம் அது. பல்பின் சூடு மேல்நோக்கிப் போவதால் மேல்பகுதி முதலில் வெந்து சாம்பல் நிறமாகும். முன்னால் எவ்வளவு தேய்த்து மினுக்கினாலும், பின்னால் ரிஃப்ளெக்டர் செத்திருந்தால் வெளிச்சம் வராது. அதைத் துணியால் துடைக்கவும் கூடாது. மெல்லிய அலுமினியப் படலம் அது, விரல் பட்டாலே கையோடு வரும்.

கடைசியாக மின்சாரம். பழைய வண்டியில் வயரும் சுவிட்சும், வண்டியின் உடலோடு சேரும் எர்த் இணைப்பும் களைத்துப் போயிருக்கும். இன்ஜின் ஓடும்போது, விளக்கை எரியவிட்டு, மல்டிமீட்டரை முதலில் பேட்டரியில் வையுங்கள், அப்புறம் பல்பின் பிளக்கில் வையுங்கள். இரண்டுக்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் எர்த்தைச் சுரண்டிச் சுத்தம் செய்யவோ, பேட்டரியிலிருந்து நேராக விளக்குக்கு மின்சாரம் தரும் ரிலே போடவோ வேண்டும். அரை வோல்ட்தானே என்று தோன்றும். ஆனால் ஹாலஜன் பல்பில் வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறையும். என் வண்டியில் எர்த் வயரின் நுனி பச்சையாகப் பூத்திருந்தது. அதைச் சரிசெய்ய ஆன செலவு ஒரு டீக் காசு. கண்டுபிடிக்கத்தான் ஒரு வருடம் ஆனது.

தேய்ப்பதா, மாற்றுவதா?

ரிஃப்ளெக்டர் வெந்திருந்தால், உள்ளே தண்ணீர் தேங்கி நின்றால், பிளாஸ்டிக்குக்குள் விரிசல் இருந்தால், பம்பரோடு பிடிக்கும் காதுகள் உடைந்து விளக்கு ஆடிக்கொண்டிருந்தால் மாற்றுங்கள். யோசிக்க ஒன்றுமில்லை. காலையில் உள்ளே லேசாகப் பனி படிந்து, விளக்கைப் போட்டதும் மறைந்தால் மட்டும் பயப்பட வேண்டாம், காற்றுத் துளை உள்ள விளக்குகளில் அது வரும். இவை எதுவும் இல்லாமல் மேல் மஞ்சள் மட்டும்தான் என்றால் தேய்ப்பதுதான் என் கட்சி.

இதற்கு ஒரு கணக்கும் உண்டு. அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ 2018-ல் மங்கிய ஹெட்லைட்டுகளைச் சோதித்தது. புது விளக்கு தரும் வெளிச்சத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் அவை தந்தன. தேய்த்துச் சரிசெய்ததும் சுமார் 70 சதவீதத்துக்கு ஏறியது. கம்பெனி ஒரிஜினல் மாற்றினால் முழு வெளிச்சம், வெளியார் தயாரிப்பு மாற்றினால் 83 முதல் 90 சதவீதம். ஆக, தேய்த்தால் புதுசாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் ஐந்தில் ஒன்றிலிருந்து எழுபதுக்கு வருவது இரவு ஓட்டத்தில் பெரிய வித்தியாசம். சேலத்துக்குள் ஐந்து ரோடு, அஸ்தம்பட்டி என்று தெருவிளக்கு உள்ள இடங்களிலேயே ஓட்டுபவருக்கு எழுபது தாராளம். வாரம் ஒருமுறை இரவில் மலை ஏறி இறங்குபவரும், தொப்பூர் கணவாயில் லாரிகளுக்கு நடுவே போகிறவரும் ஒரிஜினலுக்குக் காசு சேர்ப்பது நல்லது.

காரின் வயது 15-ஐத் தொட்டால் ஆர்சி புதுப்பிக்க ஆர்டிஓ அலுவலகத்தில் வண்டியைக் காட்ட வேண்டியிருக்கும். அங்கே விளக்கையும் பார்ப்பார்கள். அந்தத் தேதி நெருங்கினால் கடைசி வாரம் வரை தள்ளாதீர்கள்.

நான் செய்து கெட்டவை

முதலில் பற்பசை. அரை மணி நேரம் தேய்த்தேன், கொஞ்சம் தெளிந்தது, பெருமையாகப் போட்டோ எடுத்தேன். இரண்டு மாதத்தில் பழைய கதை. பற்பசை மிக மெல்லிய தேய்ப்பான், அவ்வளவுதான். பூச்சு எதையும் அது தராது.

அடுத்து ஒரு கடையில் ஆவி பிடித்தார்கள். ஒரு குவளையில் திரவத்தைச் சூடாக்கி அதன் ஆவியை விளக்கின் மேல் காட்டுவார்கள். கண்ணெதிரே கண்ணாடி மாதிரி ஆகிவிடும், மந்திரம் போல இருக்கும். அந்தத் திரவங்களில் பெரும்பாலும் குளோரின் கலந்த கரைப்பான்கள் இருக்கும். அவை பிளாஸ்டிக்கின் மேல்தோலைக் கரைத்து வழவழப்பாக்குகின்றன. பிளாஸ்டிக்குக்குள் இருக்கும் இறுக்கமும் கரைப்பானும் சேர்ந்தால் பிற்பாடு மயிரிழை விரிசல் வரும். என் இடது விளக்கில் அதுதான் வந்தது. அந்த ஆவியை மூச்சில் இழுப்பதும் உடம்புக்குக் கெடுதல். கடையில் நின்றிருந்த பையன் மூக்கில் ஒரு கைக்குட்டை கூடக் கட்டவில்லை.

தின்னர், பெட்ரோல் இரண்டும் வேண்டவே வேண்டாம். கொசு விரட்டும் களிம்பைத் தடவினால் தெளிகிறது என்று ஒரு வீடியோ சுற்றும். அதில் இருக்கும் டீட் என்ற பொருள் பிளாஸ்டிக்கை இளக்குகிறது, அதனால்தான் தெளிவது போலத் தெரிகிறது.

சரி, தேய்க்கலாம்

வேண்டியவை: 600, 1000, 1500, 2000 எண் வாட்டர் பேப்பர் (எண் கூடக் கூட பேப்பர் மென்மையாகும்), மாஸ்கிங் டேப், ஒரு வாளி தண்ணீர், சில சொட்டு ஷாம்பு, கெட்டியான ஸ்பாஞ்சுத் துண்டு, மென்மையான துணி. பூச்சு ஏற்கெனவே உரிந்து தொங்கினால் 400-ம் ஒன்று. பெயின்ட் கடையில் இவை எல்லாம் சேர்ந்து ஆயிரம் ரூபாயைத் தாண்டாது.

காலை ஏழு மணிக்கு நிழலில் தொடங்குங்கள். சேலத்தில் பத்து மணிக்கு மேல் பானெட்டில் கை வைக்க முடியாது, விளக்கும் அப்படித்தான் கொதிக்கும். முடிந்தால் பம்பர் கிளிப்புகளைக் கழற்றி விளக்கையே வெளியே எடுத்துவிடுங்கள். முடியாவிட்டால் சுற்றியுள்ள பெயின்ட்டின் மேல் மாஸ்கிங் டேப்பை இரண்டு அடுக்கு ஒட்டுங்கள். ஒரு அடுக்கு போதும் என்று நினைத்ததால் என் பானெட் ஓரத்தில் இன்றைக்கும் ஒரு வெள்ளைக் கீறல் இருக்கிறது.

தேய்ப்பதற்கு முன் ஷாம்பு தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். கருப்பூர் பக்கம் மேக்னசைட் சுரங்கத் தூசி படிகிற ஊர்க்காரர்கள் இதை இரண்டு முறை செய்யலாம். மேலே மண் ஒட்டியிருந்தால் நீங்கள் தேய்ப்பது பேப்பரால் அல்ல, மண்ணால்.

பேப்பரைத் தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊற வைத்து ஸ்பாஞ்சில் சுற்றுங்கள். வெறும் விரலால் தேய்த்தால் விரல் பட்ட இடம் பள்ளமாகும். முதலில் 600, இடவலமாக மட்டும், லேசான அழுத்தத்தில், தண்ணீர் விட்டுக்கொண்டே. வழியும் தண்ணீர் முதலில் மஞ்சளாக, கொழகொழவென்று வரும். அதுதான் பழைய பூச்சு. அது வெள்ளையாக மாறும்வரை விடக்கூடாது. ஒரு விளக்குக்கு இருபது நிமிடம்கூட ஆகலாம். புதியவர்கள் பாதியில் விடுவது இங்கேதான். விளக்கு முழுக்கப் பால் போல வெளுத்துப் போகும், கெடுத்துவிட்டோமோ என்று வயிற்றைக் கலக்கும். கெடவில்லை, அப்படித்தான் இருக்க வேண்டும்.

துடைத்துக் காய விட்டுப் பாருங்கள். வெளுப்புக்கு நடுவே எங்காவது திட்டுத் திட்டாக மினுமினுப்பு தெரிந்தால் அங்கே பழைய பூச்சு ஒட்டியிருக்கிறது, மறுபடி 600. எல்லா இடமும் ஒரே மாதிரி மங்கியதும் 1000-ஐ எடுத்து மேலிருந்து கீழாகத் தேயுங்கள். முந்தைய கோடுகளுக்குக் குறுக்கே போனால்தான் அவை மறைந்ததா என்று தெரியும். 1500 மறுபடி இடவலம், 2000 மேல் கீழ். ஒவ்வொரு எண்ணுக்கும் தண்ணீரை மாற்றுங்கள். வாளியில் கிடக்கும் ஒரு பழைய மணல் துகள் போதும், கடைசிக் கட்டத்தில் கோடு போட.

எந்தப் பூச்சு என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள்

இரண்டு பாதைகள் இருக்கின்றன, இரண்டையும் கலக்கக்கூடாது.

முதலாவது, பெயின்டிங் கடையில் கார் கதவுக்கு அடிக்கும் டூ-கே கிளியர் என்ற நிறமில்லாத மேல்பூச்சு. கிளியரும் அதை இறுகச் செய்யும் ஹார்ட்னரும் கலந்து ஸ்ப்ரே கன்னில் அடிப்பது. நீண்ட நாள் நிற்பது இதுதான், நல்ல கிளியரும் நல்ல கையும் சேர்ந்தால் சில வருடங்கள் தாங்கும். இந்த வழியில் போனால் காம்பவுண்ட் என்ற தேய்ப்புப் பசை போட்டுப் பளபளப்பாக்காதீர்கள். 1500-ல் நிறுத்திவிடுங்கள். கிளியர் பிடிக்கக் கொஞ்சம் சொரசொரப்பு வேண்டும். அந்த மெல்லிய கோடுகளைக் கிளியரே நிரப்பிக்கொள்ளும், அடித்த நொடியில் வெளுப்பு மறைவதைப் பார்க்கலாம். நான் ஒருமுறை மெஷினில் நன்றாக பஃபிங் செய்து மினுக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆறு மாதத்தில் ஓரத்திலிருந்து உரிந்தது. பெயின்டர் மேல் கோபப்பட்டேன், தப்பு என்னுடையது.

இதை வீட்டில் அடிக்க முயல வேண்டாம். ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது, நுரையீரலுக்கு ஆகாது, துணி மாஸ்க் எல்லாம் அதற்கு எதிரே ஒன்றுமில்லை. விளக்கைக் கழற்றிக் கொண்டுபோய்க் கடையில் கொடுத்தால் வேறு வண்டிக்குக் கிளியர் அடிக்கும்போது கூடவே அடித்துத் தருவார்கள். மூன்று விஷயம் மட்டும் சொல்லி வையுங்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்த பிறகு அடிக்க வேண்டும், தின்னரில் துடைக்கக்கூடாது. முதல் கோட் மெல்லிசாக, பத்து நிமிடம் விட்டு அடுத்தது. மழை ஈரம் உள்ள நாளில் வேண்டாம். ஈரக் காற்றில் கிளியர் பால் நிறமாகப் பூத்துவிடும், அதனால் ஏற்காட்டில் இருப்பவர்கள் வெயில் நாளாகப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் கீழே கொண்டுவர வேண்டும். ஸ்ப்ரே டப்பாவில் வரும் சாதாரண கிளியர் சீக்கிரம் உரியும். அவசரத்துக்கு மட்டும்.

இரண்டாவது பாதை, 2000 வரை தேய்த்து, ரப்பிங் காம்பவுண்ட் போட்டு, பஃபிங் செய்து கண்ணாடி போலாக்கி, அதன்மேல் பிபிஎஃப் என்ற பாதுகாப்பு ஃபிலிமை ஒட்டுவது. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வகை ஃபிலிமாக இருக்க வேண்டும். கார் ஃபிலிம் ஒட்டும் கடையில் செய்வார்கள். பஃபிங் மெஷினை ஒரே இடத்தில் அழுத்திப் பிடிக்காதீர்கள், சூட்டில் பிளாஸ்டிக் இளகிக் குழி விழும். ஃபிலிம் மஞ்சளானால் உரித்துவிட்டு வேறு ஒட்டலாம், மறுபடி தேய்க்க வேண்டாம் என்பது இதில் பெரிய சௌகரியம். வெறும் மெழுகு பாலிஷ் மட்டும் போட்டால் சில வாரங்களுக்கு ஒருமுறை போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், எத்தனை பேர் போடுவார்கள்?

மாற்றுவதாக இருந்தால்

அசெம்பிளி, அதாவது முழு விளக்கையும், வாங்கும்போது கம்பெனி ஒரிஜினல், அல்லது கம்பெனிக்கே விளக்கு செய்து தரும் லூமாக்ஸ் போன்றவர்களின் தயாரிப்பு கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். விலை மலிந்த பெயர் தெரியாத அசெம்பிளியில் ரிஃப்ளெக்டரின் வளைவு சரியாக இருக்காது. பார்க்க ஒன்றுபோல இருக்கும், ராத்திரியில் வெளிச்சம் மரத்துக்குப் போகும்.

உற்பத்தி நின்றுபோன மாடல் என்றால் காயலான் கடைதான் கதி. விபத்தில் பின்பக்கம் அடிபட்ட வண்டியின் விளக்கு கிடைத்தால் அதிர்ஷ்டம். மேல் மஞ்சளாக இருந்தாலும் பரவாயில்லை, ரிஃப்ளெக்டரும் காதுகளும் முழுசாக இருந்தால் வாங்கித் தேய்த்துக்கொள்ளலாம். அம்பாசிடர் வைத்திருப்பவர்களுக்குக் கவலை குறைவு, 7 அங்குல வட்ட விளக்கு இன்றும் எளிதாகக் கிடைக்கிறது.

இணையத்தில் வாங்கினால் எந்தப் பக்கம் ஓட்டும் நாட்டுக்கானது என்று பாருங்கள். நம் ஊர் விளக்கின் டிம் வெளிச்சம் இடது ஓரத்தில் கொஞ்சம் மேலே ஏறும், ஓரத்தில் நடப்பவர் தெரிவதற்காக. வலப்பக்கம் ஓட்டும் நாட்டு விளக்கில் அது வலதுபக்கம் ஏறும், நேராக எதிரே வருபவர் கண்ணில். ஐரோப்பிய முத்திரை உள்ள விளக்கில், எதிரே நின்று பார்க்கும்போது வலதுபக்கம் காட்டும் அம்புக்குறி இருந்தால் அது இடப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்கானது.

வெளிச்சம் போதவில்லை என்று 100 வாட் பல்பு போடச் சொல்வார்கள். ஹெச்4 பல்பு 60/55 வாட்டுக்குத்தான் ஹோல்டரும் வயரும் செய்திருக்கிறார்கள். கூடுதல் வாட் போட்டால் முதலில் உருகுவது ஹோல்டர், அடுத்து வேகுவது ரிஃப்ளெக்டர். ஹாலஜனுக்கான கிண்ணத்தில் எல்இடி பல்பைச் சொருகினால் பக்கத்தில் வெள்ளையாகக் கொட்டும், தூரத்தில் ஒன்றும் இருக்காது, எதிரே வருபவருக்குக் கண் கூசும். வண்டியின் அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

கடைசி வேலை, சுவரில்

தேய்த்தாலும் மாற்றினாலும் இதை விடாதீர்கள். கழற்றி மாட்டிய விளக்கு பழைய கோணத்தில் நிற்காது. டயரில் சரியான காற்று, ஓட்டுநர் சீட்டில் ஒரு ஆள், விளக்கை ஏற்றி இறக்கும் லெவல் சுவிட்ச் இருந்தால் பூஜ்யத்தில். மேடுபள்ளம் இல்லாத தரையில் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். விளக்கின் நடுப்புள்ளி தரையிலிருந்து எவ்வளவு உயரமோ அதே உயரத்தில் சுவரில் டேப் ஒட்டுங்கள். டிம் போட்டால் வெளிச்சத்தின் மேல்கோடு அந்த டேப்புக்குச் சுமார் 10 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். விளக்கின் பின்னால் இருக்கும் திருகில் ஏற்றி இறக்கலாம். வீட்டுக்கு எதிரே சுவர் இல்லாதவர்கள் ஞாயிறு இரவு மூடிக்கிடக்கும் குடோன் சுவரைத் தேடுங்கள், நான் செவ்வாய்பேட்டையில் அப்படித்தான் செய்தேன். காவலாளிக்கு விளக்கம் சொல்ல அரை மணி நேரம், திருகு திருப்ப ஐந்து நிமிடம்.

அப்புறம் ஒரு மாலை, மழையில்லாத நாளாகப் பார்த்து அடிவாரத்திலிருந்து நாலைந்து வளைவு மட்டும் ஏறி இறங்கிப் பாருங்கள். ஏற்காடு மலைப்பாதையில் மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவுகள், ஆனால் சோதனைக்கு இவ்வளவு போதும். நேர்ப்பாதையில் டிம்மில் ஓரக்கல் எத்தனை தூரத்தில் தெரிகிறது என்று பாருங்கள். எதிரே இறங்கி வருபவர்கள் உங்களைப் பார்த்து டிப்பர் அடித்தால் விளக்கு இன்னும் தூக்கலாக இருக்கிறது, திருகை மறுபடி தொட வேண்டும். வளைவில் வெளிச்சம் ரோட்டை விட்டுவிட்டுப் பள்ளத்துக்குள் போவது எல்லா வண்டிக்கும் உண்டு, புது விளக்கானாலும் அப்படித்தான், ஹாரன் அடித்து மெதுவாகத்தான் திரும்ப வேண்டும். பனிமூட்டம் இறங்கினால் பிரைட் போடாதீர்கள், வெளிச்சம் பனியில் பட்டு வெள்ளைத் திரையாக உங்கள் முகத்துக்கே திரும்பும். போன டிசம்பரில் அதே பாதையில் டிம்மிலேயே இறங்கினேன். பின்னால் வந்த பேருந்து முந்திப் போன பிறகும் ஓரக்கல் எனக்கு வரிசையாகத் தெரிந்தது.